ஊத்திக்கிட்டா ஓடும்

நெல் விளைகிற ஊர் எதுவானாலும் அவர் ஒருவர் இருப்பார். நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் தெருவுக்கு ஒருவர் என்றே சொல்லலாம். வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டாம். வாசலில் டிராக்டர் நிற்கும். அதன் பின்பக்கம், மேல்வாயை வெட்டியெடுத்த பெயின்ட் டப்பா ஒன்று சொட்டுக்கு நேர்கீழே இருக்கும். டப்பாவில் பாதிக்கு எண்ணெய், எண்ணெயில் இரண்டு வேப்பம்பூ, ஒரு கட்டெறும்பு. காலையில் வேப்பங்குச்சியைக் கடித்தபடியே அவர் டப்பாவை எடுத்து, கிழிந்த வேட்டித் துணியில் வடிகட்டி, திரும்ப வண்டிக்குள்ளேயே ஊற்றுவார். எறும்புக்கு மட்டும் விடுதலை.

"ஹைட்ராலிக் ஒழுகுது போலிருக்கே?" என்று கேட்டுவிடக் கூடாது.

"ஒழுகலையே, லேசா வேர்க்குது. உழைக்கிற வண்டி வேர்க்கத்தானே செய்யும்?"

வேர்க்கிற இடம் அவருக்கு அத்துப்படி. லிப்ட் கைகள் மாட்டியிருக்கும் தண்டின் ஓரத்தில் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். ஸ்பேர் கடையில் டீயும் வடையும் வாங்குகிற காசுக்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். கஞ்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோயில் திருவிழா வசூலில் முதல் பெயர் அவருடையதுதான். அவருடைய பயம் வேறு. மெக்கானிக் கையைக் கழற்றுவான், கழற்றினால் உள்ளே எட்டிப் பார்ப்பான், எட்டிப் பார்த்தால் இன்னொன்றைச் சொல்வான். "தொறந்தாத்தானே செலவு?" என்பது அவர் கட்சி.

அதோடு, சொட்டுச் சொட்டாகப் போகும் பணம் அவர் கணக்கில் பணமே இல்லை. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு விடுகிற வண்டி எட்டு மணி நேர உழவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரை மண்ணுக்கு வார்த்துவிடும். நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது அவர் அசரவில்லை. "நம்ம வயல்லதானே விழுது?" என்றார். வாடகை உழவுக்குப் போகும் வயல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவற்றின் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டில்தான் ஓயாத எதிர்க்கட்சி. "ஏங்க, வாசல்ல ஒரு கோலம் போட முடியுதா? மாவு ஒட்டவே மாட்டேங்குது. ஒண்ணு டிராக்டரு இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கேன்." அன்று மாலையே டிராக்டரைப் பத்தடி தள்ளி நிறுத்தினார். டப்பாவும் கூடவே போனது.

இந்த ஹைட்ராலிக் லிப்டுக்கு மூலகாரணமான ஹாரி ஃபெர்குசன் இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. வட அயர்லாந்துக்காரர். அவருக்கு முன்னே டிராக்டருக்குப் பின்னால் கலப்பை சும்மா இழுபட்டு வந்தது. கலப்பை எதிலாவது மாட்டிக்கொண்டால் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்து, தூக்குவதையும் இறக்குவதையும் எண்ணெய் அழுத்தத்திடம் ஒப்படைத்தார் ஃபெர்குசன். 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து கொண்டுவந்த டிராக்டர் வழியாக இந்த ஏற்பாடு உலகமெங்கும் பரவியது. 1960-இல் தொடங்கிய சென்னை டாஃபே நிறுவனம் அவர் பெயர் தாங்கிய மாசி ஃபெர்குசன் வண்டிகளை நம் வயலில் இறக்கியது. சீட்டுக்கு அருகில் இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று கலப்பையின் உயரத்துக்கு. மற்றது, மண் இறுகினால் கலப்பை தானே கொஞ்சம் எழும்பிக் கொடுப்பதற்கு. இந்த இரண்டாவதுதான் ஃபெர்குசனின் பெருமை. நம்மவர் வண்டியில் அதன் மேல் சாப்பாட்டுத் தூக்கு தொங்குகிறது.

ஒழுகலுக்கு அவர் வைத்தியமே பார்ப்பதில்லை என்று சொன்னால் பாவம். முதலில் ஸ்பேனரைப் போட்டு இறுக்குவார். அடங்காவிட்டால் இன்னும் இறுக்குவார். மரை போனதும் டெஃப்லான் டேப். பிறகு டீசல் டேங்க் ஓட்டையில் அப்பிய அதே பார் சோப்பு. அதற்கும் மேலே எம்-சீல். ஒரு பாக்கெட் அல்ல, வண்டி வாங்கிய நாளிலிருந்து அடுக்கடுக்காக, தொல்லியல் துறை வந்து தோண்ட வேண்டிய அளவுக்கு. ஹோஸ் வெடித்திருந்தால் சைக்கிள் டியூபைக் கீறி வரிந்து கட்டுவார். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார் அழுத்தம். ஹைட்ராலிக்கில் பளு ஏறும்போது 150 பாரையும் தாண்டும். இதைச் சைக்கிள் டியூபிடம் யாரும் சொல்லவில்லை. அதுவும் தன்னால் முடிந்தவரை பிடித்துப் பார்க்கிறது.

ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. ஓடுகிற வண்டியில் எங்கே பீய்ச்சுகிறது என்று அவர் விரலால் தடவித் தேடுவார். ஊசிமுனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னச் சிவப்புப் புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாவிட்டால் விரலே போகலாம், கையும் போகலாம். தேடுவதானால் ஓர் அட்டைத் துண்டை நீட்டித் தேட வேண்டும். தொடுவதானால் கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, அழுத்தம் அடங்கிய பிறகு தொட வேண்டும்.

அடுத்த கட்டம் வெளியே தெரியாத ஒழுகல். லிப்ட் சிலிண்டருக்குள் பிஸ்டன் ரிங் போய்விட்டால் தரையில் ஒரு சொட்டு விழாது. தூக்கி நிறுத்திய கொத்துக் கலப்பை மட்டும் தானாக இறங்கும். என்ஜின் ஓடும்போது லிப்ட் அதை மறுபடி தூக்கும், அது மறுபடி இறங்கும். ரோட்டில் போகும்போது பின்னால் ஒன்பது கொத்தும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிக்கொண்டே வரும். நம்மவருக்கு இதிலும் குறை தெரியாது. "லீவரைத் தொடவே வேணாம் மாப்ள, அதுவா எறங்கிக்கும்" என்பார். வெளியூர் போகும் நாளில் ஒரு சங்கிலியால் கலப்பையை டாப் லிங்கோடு சேர்த்துக் கட்டிவிடுவார்.

சித்திரை, வைகாசியில் வண்டி தென்னைமரத்தடியில் சும்மா நிற்கும். மெக்கானிக்கும் பட்டறையில் பேப்பர் படித்துக்கொண்டு சும்மா இருப்பார். அப்போது நம்மவர் வண்டியைக் கொண்டுபோக மாட்டார். மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடை வந்து, குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கி, ஊரே மெக்கானிக்கின் போனை விடாமல் அடிக்கிற வாரத்தில்தான் இவர் வண்டி படுக்கும்.

அதற்கும் முன்னே ஒரு பொற்காலம் உண்டு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்கிய சில நாளில் அளவுக்குச்சியை உருவிப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். எண்ணெய் குறையவில்லை, ஏறியிருக்கிறது! "பாத்தீங்களா, வேர்க்கறது தானா நின்னு போச்சு." அச்சு சீலும் தேய்ந்து, சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. குச்சியில் ஒட்டியிருந்தது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்ததை, நல்ல காரியத்தின்போது பேச வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்த வண்டிகளில் பெரும்பாலும் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். லிப்ட் குடிக்கிற தண்ணீரைப் பல்சக்கரமும் குடித்தாக வேண்டும்.

லிப்ட் அடியோடு நின்றது நடு வயலில். ரோட்டாவேட்டர் சேற்றில் புதைந்து, வண்டியும் திரும்ப முடியாமல் நின்றது. மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். சாக்குப்பையில் சாமான்களோடு பைக்கில் வந்து, வரப்பில் நின்று பார்த்தார்.

"அண்ணே, போன வருஷமே சொன்னேன்ல?"

"அப்ப ஓடுச்சே தம்பி."

வண்டியைக் கரையேற்றி, தோப்பில் நிறுத்தி, சீட்டைக் கழற்றி, லிப்ட் மூடியைச் செயின் பிளாக்கில் தூக்கினார்கள். உள்ளே இருந்ததை ஊரே எட்டிப் பார்த்தது. பிஸ்டன் ரிங், தண்டு ஓ-ரிங், அச்சு சீல், பேக்கிங், இரண்டு ஹோஸ் என்று பட்டியல் நீண்டது. பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை தீர்ந்தது. வடித்த எண்ணெயைக் கொட்டப் போன பையனைத் தடுத்து, "இருக்கட்டும்டா, ரெண்டு நாள் வெயில்ல வெச்சா தண்ணி பிரிஞ்சிடும்" என்றார் நம்மவர். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் அதைத் தன் காலாலேயே கவிழ்த்தார். கவிழ்த்தது சரியா என்று மண்ணைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

சாமான்களின் விலைக்கு அவர் மறுபேச்சில்லாமல் பணம் எடுத்து வைத்தார். கூலிக்கு வந்தபோதுதான் குரல் ஏறியது.

"ரப்பர் மாத்துனதுக்கு இம்மாங் கூலியா தம்பி?"

"ரப்பர் மாத்த அவ்வளவு நேரம் ஆவலண்ணே. காலையிலேர்ந்து உளி வெச்சு நீங்க போட்ட எம்-சீலைப் பேத்தேன் பாருங்க, அதுக்குத்தான் கூலி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நல்லா புடிச்சிருந்துச்சுன்னு சொல்லு!"