டேப்பின் அந்த முனை

"கொஞ்சம் இந்த முனையைப் பிடிச்சுக்குங்க, ஒரே நிமிஷம்."

இதைக் கேட்டு அனுபவித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. கேட்காதவர்கள், திண்டிவனத்துப் பக்கம் நிலம் வாங்கிய நண்பர் இன்னும் வாய்க்காத புண்ணியவான்கள்.

நம்மவர் குடியிருப்பது ஆதம்பாக்கத்தில். வாங்கிப் போட்டிருப்பது திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில், உள்ளே தள்ளி, 1 ஏக்கர் 20 சென்ட். "சும்மா ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரலாம், மதியத்துக்குள்ள திரும்பிடலாம்" என்பார். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பும். பரனூர், ஆத்தூர் என இரண்டு சுங்கச்சாவடியையும் அவர் காசிலேயே தாண்டி, வழியில் காபியும் வாங்கிக்கொடுத்து, நிலத்தோரம் இறக்கிவிட்டு, டிக்கியைத் திறப்பார். இட்லிப் பொட்டலம் வருகிறதென்று எட்டிப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் 30 மீட்டர் டேப் சுருண்டு படுத்திருக்கும்.

அந்த டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர்களை எண்ணி முடியாது. மைத்துனர் பிடித்திருக்கிறார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்திருக்கிறார். பூமி பூஜைக்கு வந்த குருக்கள் தர்ப்பையைக் கழற்றுவதற்குள் பிடிக்க நேர்ந்தது. கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க வந்தவர், உள்ளங்கையில் நிமிர்ந்து நின்ற தேங்காயைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். பிறகு அந்தத் தேங்காய் எங்கும் நிமிரவில்லை என்று கேள்வி.

கிழக்குப் பக்கம் 97 மீட்டர். 30 மீட்டர் டேப்பை மூன்று முறை முழுசாக இழுத்து, நான்காம் முறை ஏழு மீட்டர் சேர்க்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நடுவில் வேலிக்காத்தான் புதர் ஒன்று உண்டு. அதற்குள் நிற்பவர் எப்போதும் விருந்தாளிதான். "இழுங்க, இழுங்க, ரொம்ப இழுக்காதீங்க, நூல் டேப்பு, நீளும். தொய்வு விடாதீங்க. ஜீரோவையா பிடிச்சிருக்கீங்க?" இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல நட்புகள் பலியாயின. மைத்துனர் ஒருநாள் ஜீரோ கோட்டுக்குப் பதில் முனையிலிருந்த வளையத்தைப் பிடித்துவிட்டார். பத்து சென்டிமீட்டர் குறைந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை நகர்த்திவிட்டார் என்று இரண்டு வாரம் பேச்சு. வளையம்தான் காரணம் என்று தெரிந்தபோது, பெரியவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மைத்துனரைத்தான் திட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அளவு அதிகமாக வந்த நாளில் நம்மவர் மறுபடி அளந்ததே இல்லை.

சந்தேகம் முளைத்தது பட்டாவில். கிரயப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர். 1979ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது கிராமத்துக் கணக்குகள் மெட்ரிக்குக்கு மாறின. நம்மவர் பட்டாவில் 0-48.50 என்று இருக்கிறது. 1 ஏக்கர் 20 சென்டைக் கால்குலேட்டரில் போட்டால் 48.56 ஏர் வருகிறது. அந்தச் சில்லறை 0.06 ஏர் எங்கே போயிற்று? சதுர அடியில் சுமார் 67. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் செருப்பும் விடுகிற இடம். காகிதத்தில் முழுதாக்கும்போது உதிர்ந்த பொடி அது என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்கமாட்டார். அந்தக் கட்டிலில் யாரோ படுத்திருப்பதாகவே அவர் நினைப்பு. நிலம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஏர் என்றால் அவருக்குத் தெரிந்தது இந்த ஏர் ஒன்றுதான்.

வந்த புதிதில் பெரியவரிடம், "ஐயா, நம்ம நிலம் எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "காணிக்குப் பன்னெண்டு சென்ட் குறைச்சலுங்க" என்றார் அவர். இந்தப் பக்கத்தில் ஒரு காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட், கணக்கு சுத்தம். நம்மவர் காதில் 'குறைச்சல்' மட்டும் விழுந்தது. அன்றிரவு பதினொரு மணிக்குத் தரகருக்குப் போன் போயிற்று.

பெரியவருக்கு எல்லை என்பது புளியமரத்திலிருந்து நேராகப் பனைமரம். திண்டிவனம் என்ற பேரே புளியங்காட்டிலிருந்து வந்ததென்பார்கள். அங்கே புளியமரத்தை எல்லையாகச் சொன்னால் தப்பில்லை. "மரத்தோட நடுவா, ஓரமா?" என்றார் நம்மவர். பெரியவர் வெகுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வி அவருக்கும் தோன்றவில்லை, மரத்துக்கும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நிலத்தை முறைப்படி அளந்தாயிற்று. விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, சுற்றியுள்ள நிலத்தாருக்கு நோட்டீஸ் போய், சர்வேயர் ஒருநாள் காலையில் புலப்படத்தோடு வந்தார். தள்ளியிருந்த ஒரு பழைய கல்லைப் பிடித்து, அங்கிருந்து கோடு போட்டு வந்து, "இங்க தோண்டுங்க" என்று வரப்பில் ஓரிடத்தைக் காட்டினார். ஓரடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. தலையில் குறி செதுக்கிய கருங்கல், வைத்த இடத்திலேயே இருந்தது. மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. நம்மவர் அந்த மகிழ்ச்சியில் பதினான்கு சிமென்ட் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, தன் இனிஷியலையும் எழுதினார். எல்லைக் குறிகளைப் பராமரிப்பது நிலத்துக்காரர் பொறுப்பு என்று 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைச் சட்டம் சொல்கிறது. வாராவாரம் பராமரிக்கச் சொல்லவில்லை.

பரங்கிமலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் வந்த பித்தாக இருக்கலாம். 1802 ஏப்ரலில் அங்கேதான் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலி கொண்டு இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். முதல் கோடு சுமார் ஏழரை மைல். 57 நாளில் முடிந்தது. லாம்டனின் ஏழரை இரண்டு மாதத்துக்குள் விலகிவிட்டது. நம்மவர் நண்பர்களுக்கு மூன்றாம் வருஷம் நடக்கிறது. விழுப்புரத்துக்கு மேற்கே திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் காலைத் தூக்கியபடி நிற்கிறார். மூன்று அடியில் வேலை முடிந்தது, இன்னொரு தடவை சரிபார்க்கலாம் என்று அவர் கிளம்பவில்லை.

டேப் போதாதென்று இப்போது கைப்பேசியும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டக்கூடியது. கல்லின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நம்மவர் திரையைப் பார்க்கிறார். நீலப்புள்ளி மெல்ல நகர்ந்து பெரியவரின் மணிலாக் கடலைக் கொல்லைக்குள் போகிறது. புள்ளியின் பின்னாலேயே அவரும் போகிறார். "சார், செடி, செடி" என்று பெரியவர் வீட்டம்மா கத்துகிறார்.

இதுவரை சிரிப்பு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. இரண்டு நாள் கழித்துப் பெரியவரின் போன் உயிர் பெற்றதும் முதலில் அழைத்தவர் நம்மவர்தான். அந்தப் போகம் போட்டிருந்த உளுந்து என்னாச்சு என்று கேட்கவில்லை. வீடு என்னாச்சு என்றும் கேட்கவில்லை. "கல்லெல்லாம் தெரியுதுங்களா?" என்றார்.

"தண்ணிதாங்க தெரியுது" என்றார் பெரியவர்.

இதற்கு நகைச்சுவை சேர்க்க வழியில்லை. மூன்று வருஷமாக அந்த மண்ணில் நம்மவர் ஒரு கீரை விதைகூடப் போடவில்லை. நல்ல மணிலா மண், புதர் மண்டிக் கிடக்கிறது. மேற்கு வரப்பில் நின்ற ஒரே வேம்பையும், கல்லுக்குக் கல் பார்வை மறைக்கிறது என்று வெட்டியாயிற்று. டேப் பிடித்த யாருக்கும் ஒதுங்க நிழல் கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் அவர் போனார். வெறுங்கையோடு போகவில்லை, ஒரு மூட்டை அரிசியும் இரண்டு போர்வையும் டிக்கியில் இருந்தன, அதைச் சொல்லாவிட்டால் பாவம். பதினான்கில் இரண்டு கல் சாய்ந்திருந்தன. ஒன்றைப் பெரியவரே நிமிர்த்தி, சுற்றிலும் மண் அணைத்து, மிதித்துவிட்டிருந்தார். அவர் உளுந்து அழுகிக் கிடந்த வாரம் அது. நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

அடுத்த நிமிஷம், "ஐயா, கொஞ்சம் இந்த முனையைப் பிடிச்சுக்குங்க" என்றார். 97 மீட்டர் சரியாக இருந்தது.

வரும் ஞாயிறும் வண்டி கிளம்புகிறது. பின் சீட்டில் ஓரிடம் காலி. அழைப்பு வந்தால் மறுக்க முடியாது, காபி நன்றாக இருக்கும். செருப்போடு மட்டும் போகாதீர்கள். வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும்.