ஜிடி 1030 ஒருவரா, இருவரா?

ஔவையார் ஒருவரா, பலரா என்ற வினாவுக்குத் தமிழறிஞர்கள் செலவிட்ட மையில் ஒரு சொட்டுகூட ஜிஃபோர்ஸ் ஜிடி 1030 என்னும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கவில்லை. சங்கப் புலவரையும் ஆத்திசூடி பாடியவரையும் பிரித்தறியக் காலம், நடை, யாப்பு என்று பல சான்றுகள் இருக்கின்றன. 1030-ஐப் பொறுத்தவரை அதன் அட்டைப்பெட்டிதான் மூல ஏடு. அந்த ஏடோ பெயரைப் பெரிதாக எழுதி, பொருளைப் பொடியாக எழுதும் மரபைச் சேர்ந்தது. இக்குறையை நீக்க வேறு யாரும் முன்வராத நிலையில் இக்கட்டுரை எழுகிறது.

மூத்த 1030-ஐ என்விடியா 2017 மே மாதம் வெளியிட்டது. ஜிபி108 என்னும் சில்லு, 384 கோர், 2 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், 64 பிட் பாதை, 30 வாட். தனியாக மின்வயர் கேட்காது. மதர்போர்டில் சொருகினால் போதும். 16 தடத் துளையில் ஆடம்பரமாக அமர்ந்துகொண்டு 4 தடங்களை மட்டுமே பயன்படுத்தும். அலுவலகம் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை, பவர் சப்ளையை மாற்றாமலே விளையாட்டுக்குத் தேற்றிவிடலாம் என்று ஆசை காட்டிய கார்டு இது. 2018-இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதே சில்லு, அதே 384, அதே 2 ஜிபி, அதே 64 பிட். நினைவகம் மட்டும் டிடிஆர்4. அதாவது மதர்போர்டில் செருகும் சாதாரண ரேமின் இனம். இதை இனி இளைய 1030 என்போம்.

அஃதேல், சில்லும் ஒன்று, கோரும் ஒன்று, கொள்ளளவும் ஒன்று எனும்போது இருவர் என்பது எற்றுக்கு என வினவுவர் ஒருமைவாதிகள். அவர்களுக்குக் கணக்கால் விடை கூறுதும்.

64 பிட் என்பது 8 பைட். மூத்த கார்டின் நினைவகப் பாதையில் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு ஏறத்தாழ 600 கோடி பிட் ஓடுகிறது. எட்டால் பெருக்கினால் நொடிக்கு 48 ஜிபி. இளையதில் 210 கோடிதான், பெருக்கினால் 16.8 ஜிபி. இதைக் கல்யாணப் பந்தியில் வைத்துப் பார்த்தால் தெளியும். இரண்டு மண்டபங்களிலும் இலை போட்டு அமர்ந்திருப்போர் 384 பேர். வாளியோடு வருவோர் இரண்டிலும் எட்டுப் பேர். மூத்தவர் மண்டபத்தில் இருபது முறை சாம்பார் வரும் நேரத்தில் இளையவர் மண்டபத்தில் ஏழு முறைதான் வரும். உண்பவரின் பசியிலோ பல்லிலோ எந்தக் குறையும் இல்லை. இலையில் சோறு உலர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே.

2018-இல் இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள், பல விளையாட்டுகளில் இளையது மூத்ததன் பாதி ஃப்ரேம் அளவில் தள்ளாடியதைக் கண்டு கொதித்தார்கள். கோர் வேகமும் 1227 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1151-க்கு இறங்கியிருந்தது. ஆனால் அந்தச் சில்லறையை ஒருமைவாதிகளுக்கே விட்டுக்கொடுக்கலாம். ஆளைக் கவிழ்த்தது அது அன்று.

இளைய 1030-க்கு வக்காலத்து வாங்குவோரும் உளர். அது 20 வாட்டில் ஓடுகிறது, பத்து வாட் மிச்சம் என்பது அவர்கள் வாதம். வேலையே நடக்காத இடத்தில் செலவு குறைவது இயல்பு என்பதால் இதை ஏற்பதில் நமக்குத் தடை இல்லை. படம் பார்க்கவும் எக்செல் திறக்கவும் இரண்டாவது திரையை மாட்டவும் எது இருந்தாலும் ஒன்றுதான் என்பது இன்னொரு வாதம். இது உண்மை. ஆனால் அதற்கு மட்டுமே கார்டு வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பணம் வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்கு மட்டுமே பயன்படுத்தினார்கள் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுவோம்.

இந்தப் பெயர்க்குழப்பம் 1030-இல் தொடங்கியதன்று. 2014-இல் வந்த ஜிடி 730-ஐ ஆராய்ந்தால் இரண்டு போய் மூன்று கிடைக்கும். முதலாவது 96 கோரும் 128 பிட் பாதையும் டிடிஆர்3 நினைவகமும் கொண்டு 49 வாட் உண்பது. அடுத்த இரண்டுக்கும் 384 கோர், 64 பிட். ஒன்றுக்கு டிடிஆர்3, மற்றதற்கு ஜிடிடிஆர்5. முதலாவது ஃபெர்மி குலம், ஏனைய இரண்டும் கெப்ளர் குலம். என்விடியா தன் சில்லுக் குலங்களுக்கு அறிவியலறிஞர் பெயர் சூட்டுவது வழக்கம். பதினேழாம் நூற்றாண்டு வானியலாளரையும் இருபதாம் நூற்றாண்டு அணு விஞ்ஞானியையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ்க் குடியமர்த்திய பெருமை 730-க்கு உண்டு. ஃபெர்மி குலத்துக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர் வருவது 2018-இல் நின்றது, கெப்ளருக்கு 2021-இல். ஆக, ஒரு பெயருக்கு இரண்டு நினைவுநாள். ஔவையார் ஆய்வில்கூட இப்படியொரு வசதி கிடையாது.

730-இன் வரலாற்றில் மிக ருசியான பகுதி ஜிபி மோகம். ஜிடிடிஆர்5 வகை நொடிக்கு 40 ஜிபி கடத்தும். டிடிஆர்3 கெப்ளர் வகை 14.4 ஜிபி மட்டுமே கடத்தும். ஆனால் மெதுவான டிடிஆர்3-ஐ 4 ஜிபி வரை நிரப்பிப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட முடிந்தது. சென்னை ரிச்சி தெருவானாலும் வேறெந்தக் கடைத்தெருவானாலும் உரையாடல் ஒன்றுதான்: "அண்ணே, 730 இருக்கா?" "ரெண்டு ஜிபியா, நாலு ஜிபியா தம்பி?" நாலு என்றுதான் தம்பி சொல்வார். யார்தான் சொல்லமாட்டார்? அந்த நாலு ஜிபியை நிரப்பும் அளவுக்குப் பெரிய விளையாட்டு எதையும் ஓட்ட அந்தச் சில்லுக்கு மூச்சு இல்லை என்பதைக் கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

எதிர்முகாம் தூயது என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 2017-இல் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 560 என்ற ஒரே பெயரில் 1024 கோர் கார்டும் 896 கோர் கார்டும் உலவின. கூச்சல் எழுந்தபின் அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது.

இனி, நேரில் நிற்பவர் மூத்தவரா இளையவரா என்று அறியும் முறை. பெயர் உதவாது, 2 ஜிபி உதவாது, விசிறி உதவாது. விசிறியே இல்லாத கார்டுகளும் உண்டு. மாடல் எண்ணைப் பிடிக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் எண்ணின் நடுவே டி5 அல்லது டி4 என்று ஒழுங்காகப் பொறிக்கிறார்கள். வேறு சிலர் இளையதற்கு மட்டும் டி4 போட்டுவிட்டு மூத்ததற்கு ஒன்றும் போடாமல் விடுகிறார்கள். அங்கே இல்லாத எழுத்தைப் படிக்கும் பயிற்சி வேண்டும். பழைய ஏடு படித்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை.

ஐயமே இல்லாத வழி ஒன்றுண்டு. கார்டை மாட்டி, டிரைவரை நிறுவி, ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்தால் நினைவக வகையும் கடத்தும் அளவும் பளிச்சென்று தெரியும். 48 என்றிருந்தால் மூத்தவர், 16.8 என்றிருந்தால் இளையவர். முத்திரையைக் கிழித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.