சாருக்கு ரிப்போர்ட் வேணுமாம்

பழைய வீடு வாங்கப் போவதாகச் சொந்தக்காரர்களிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் ஆளுக்கொரு பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். மாமனார் மண்ணைச் சோதிக்கச் சொன்னார். மச்சான் தண்ணீரை. பெரியம்மா இரண்டையும் விட்டுவிட்டு ஈசானிய மூலையை. செலவு என்னுடையது என்பதால் பட்டியல் தாராளமாக வளர்ந்தது.

ஆதம்பாக்கத்தில் நாங்கள் பார்த்தது எண்பதுகளில் கட்டிய தனி வீடு. கதவு மூடவில்லையே என்றால், “அந்தக் காலத்து மரம் சார், ஸ்ட்ராங்” என்றார் தரகர். சுவிட்ச் போர்டு கறுத்திருக்கிறதே? “அந்தக் காலத்து ஒயரிங் சார்.” தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறதே என்றேன். “வீடு இறங்கல சார், ரோடு ஏறிடுச்சு.” அன்றைக்கு அவர் சொன்னவற்றில் கலப்படமில்லாத உண்மை இது ஒன்றுதான். சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெருக்கள் வளர்ந்துவிட்டன. வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எதிரே இஸ்திரி வண்டிக்காரரிடம், “2015 டிசம்பர் வெள்ளத்துல இங்க எப்படிங்க?” என்று கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தவர், எதுவும் பேசாமல் அந்த வீட்டு கேட்டின் இரண்டாவது குறுக்குக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். பரிசோதனைக் கட்டணம் ஒரு டீ.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டோம். சுத்தமாக இருந்தது. ஆனால் பதிவானது மட்டும்தானே அதில் வரும்? பதியாத உயில், கோர்ட்டில் கிடக்கும் கேஸ், பாகம் கேட்கக் காத்திருக்கும் தங்கை யாரும் அதில் தலைகாட்ட மாட்டார்கள். அதனால் வக்கீல் ஃபீஸில் மட்டும் நான் பேரம் பேசவில்லை. அவர் முதலில் கேட்டது: “தாய்ப்பத்திரம் ஒரிஜினலா, ஜெராக்ஸா?” ஜெராக்ஸ் மட்டும்தான் என்றால், ஒரிஜினல் எங்கேயோ கடனுக்கு உட்கார்ந்திருக்கிறதோ என்று விசாரிக்க வேண்டுமாம்.

மற்றதில் என் கணக்கு எளிது. வாங்கிய பிறகு மாற்ற முடியாததைச் சோதிப்பது, மாற்ற முடிந்ததை விலையில் கழிப்பது. ஒயரிங்கை எப்படியும் பிடுங்கத்தான் போகிறோம், அதற்கு எதற்கு டெஸ்ட்? மாடி எழுப்பும் உத்தேசமில்லை, சுவரில் சாய்ந்த விரிசலும் இல்லை, ஆகவே மண் வேண்டாம். மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. போர் தண்ணீரை மட்டும் லேபில் கொடுத்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வரன் தேடிக் களைத்த அப்பா பேசுவதுபோல இருந்தது.

கடைசியில் இஞ்சினியர் வந்தார். வந்ததும் சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைத் தூக்கினார். பின்னால் ஓதம். “புதுசா பெயின்ட் அடிச்ச வீட்ல காலண்டர் எங்க தொங்குதுன்னுதான் முதல்ல பார்ப்பேன்” என்றார். பிறகு ஒரு கம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். ‘ணங்’ என்றால் நலம். ‘டொப்’ என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சமையலறை வரை ணங். பாத்ரூம் வாசலில் டொப். எல்லோரும் தரகரைப் பார்த்தோம். அவர் காலண்டரைப் பார்த்தார்.

அடுத்து சன்ஷேடில் கொஞ்சம் பெயர்த்து, ஃபினால்ஃப்தலின் சொட்டு விட்டார். பிளஸ் டூ லேபில் நம்மை அழவைத்த அதே திரவம். காங்கிரீட்டின் காரத்தன்மை போகாமல் இருந்தால் ரோஸ் நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு அதைத் தின்றுவிட்டிருந்தால் நிறமே வராது, கம்பிக்கும் பாதுகாப்புப் போச்சு. சன்ஷேடு வெளிறியே இருந்தது. வீட்டுக்காரர் எச்சில் விழுங்கினார். ஹால் பீமில் சொட்டு விட்டதும் ரோஸ் பூத்தது. “பிங்க் சார், பிங்க்!” என்று தரகர் குதித்தார்.

சன்ஷேடு, பாத்ரூம் கூரை, ஒயரிங் எல்லாவற்றுக்கும் ஆகும் செலவை விலையில் குறைக்கக் கேட்டேன். வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். தரகர் பவ்யமாக ரிப்போர்ட்டில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே வீடு. பீம் பற்றிய பக்கம் மட்டும் போட்டோவாக. கீழே: ‘இஞ்சினியர் ரிப்போர்ட்டுடன். ஃபுல் பிங்க். விலை சற்று உயர்த்தப்பட்டுள்ளது.’