காத்து சரியில்லை

டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவர் சட்டைப்பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றைப் பீய்ச்சிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தால், டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். அரை நிமிடம்தான் அவகாசம். அதற்குள் வாயைத் திறந்துவிடுவார்.

"தென்மேக்கு. மான் அந்தாண்ட நின்னா நம்ம வாடை அடிச்சிரும்."

அந்தாண்ட நிற்பது பட்டுக்கோட்டை பஸ்.

வில் மாமா என்று வைத்துக்கொள்வோம். மகன் டெக்சாஸில். பேரனைப் பார்க்க ஆறு மாதம் போனவர், பேரனைப் பார்த்தது போக மிச்ச நேரத்தில், மகனோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவருடன் மூன்று நாள் விடியற்காலை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டு வந்தார். அதில் ஒரு நாள் ஒரு மானின் வாலைப் பார்த்திருக்கிறார். வெள்ளைவால் மான், மிரண்டால் வாலைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடும். இவர் பார்த்தது ஓடும்போதுதான். அந்த மாநிலத்தில் 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாடம் படித்துத் தேறியிருக்க வேண்டுமாம். மாமா அதற்கு ரொம்ப முன்னால் பிறந்துவிட்டதால் விலக்கு. படிக்காமல் விட்ட அந்தப் பாடத்தைத்தான் எங்களுக்கு இரண்டு வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறார்.

அங்கே வில்லுக்கென்று தனிப் பருவம் உண்டு. செப்டம்பர் கடைசிவாக்கில் ஆரம்பம். அது நமக்குப் புரட்டாசி; மாமா வீட்டில் முட்டைகூட உடையாது. "அன்னிக்கி அடிச்சிருந்தா என்ன மாமா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். "ஐப்பசி பொறக்குற வரைக்கும் ஃப்ரீசர்ல வைக்கிறது" என்றார். எல்லாம் யோசித்துத்தான் மரம் ஏறியிருக்கிறார்.

திரும்பும்போது பெட்டிக்குள் ஒரு வில் வந்தது. கோயில் தூணில் பார்க்கிற வில் மாதிரி இருக்காது. இரண்டு முனையிலும் கிணற்றுக் கப்பி போலச் சக்கரம் வைத்தது. ஆலன் என்ற மிசௌரிக்காரர் 1969-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. இழுக்கும்போது 45 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20 கிலோ கனக்கும். முழுக்க இழுத்த பிறகு கப்பி திரும்பி, பாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நிதானமாகக் குறிபார்க்கலாம். முதல் பாடம், அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுக்க வில்லிலேயே இறங்கி, வில் வெடித்துவிடும். இந்தப் பாடத்தை மட்டும் நான் மதிக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் காற்று. மானின் கண்ணை ஏமாற்றலாம், காதைக்கூடக் கொஞ்சம் ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வந்தால்தான் வில்லையே தொடலாம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவில் குப்பியில் அடைத்து ஒரு பொடி விற்கிறார்கள். மாமா கொண்டுவந்தது ஒரே மாதத்தில் தீர்ந்தது. அடுத்து முகப்பவுடர், அதில் வாசனை, மானுக்குத் தெரிந்துவிடும். அரிசி மாவு போட்டார், பையில் எறும்பு. கடைசியில் திருநீறு.

திருநீறு வந்த பிறகுதான் எங்களுக்குத் தொல்லை. கல்யாணப் பந்தியில் உட்காருமுன் ஒரு பீய்ச்சு. சமையல்கட்டுப் பக்கம் காற்றடித்தால் எங்களை எழுப்பி வேறு வரிசையில் உட்கார வைப்பார். அதற்குள் இலை போட்டு முடித்திருப்பார்கள். பஸ்ஸில் பீய்ச்சினால் கண்டக்டர் பயபக்தியோடு கையை நீட்டுவார். ஒரு துக்க வீட்டில் வாசலில் நின்று காற்றுப் பார்த்தார். ஏதோ சடங்கு என்று நினைத்து முதலில் பங்காளிகள், பிறகு சம்பந்திகள், பிறகு பறையடித்தவர் வரைக்கும் வரிசையாக வந்து கை நீட்டினார்கள். இவரும் எல்லாருக்கும் கொடுத்தார். குப்பி காலி. "என்ன காத்து மாமா?" என்று காதில் கேட்டேன். "வாடைதான். ஆனா நிலையா இல்ல" என்றார், முகத்தில் துக்கத்தோடு.

களத்துமேட்டில் எழுபது வருஷம் நெல் தூற்றின பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் கேட்டார்: "ஏன் தம்பி, சாமி துன்னூற இப்புடி ஊதி விடுறிய? ஒரு கை பதர அள்ளிப் போட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

"பதரு கனம் பெரியவரே. மெல்லிசு காத்தக் காட்டாது."

"மெல்லிசு காத்துல என்னாத்தத் தூத்தப் போறிய?"

மாமாவிடம் பதில் இல்லை. மறுபடி பீய்ச்சினார்.

சோப்பை நிறுத்திவிட்டார், தலைக்கு எண்ணெயும் இல்லை. வேட்டைக்காரன்மேல் மனித வாடையே இருக்கக் கூடாதாம். "மானு மோந்து பாக்குறது இருக்கட்டும், வீட்டுல நாங்க மனுச சென்மம் இருக்கோம்ல" என்று அத்தை என்னிடம்தான் முறையிட்டார். பரண் கட்டத் தோதான மரம் வயல்காட்டில் ஏது? மோட்டார் கொட்டகைமேல் ஏறி, இடுப்பில் வார் மாட்டிக்கொண்டு உட்காருவார். அமெரிக்காவில் மானால் அடிபட்டவனைவிட மரத்திலிருந்து விழுந்து அடிபட்ட வேட்டைக்காரர்கள்தான் அதிகமாம். நம்புகிறேன்.

அப்படியானால் எப்போதுதான் வேட்டை? இங்கேதான் மாமா மற்றவர்களைவிட ஒரு படி மேலே. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு மனப்பாடம். வில்லோ துப்பாக்கியோ வலையோ, எதுவும் ஆகாது; அடிக்க முயன்றாலே அது வேட்டைதான் என்று சட்டம் சொல்கிறது. "சட்டம் மட்டும் இல்லன்னா..." என்று பாதியில் நிறுத்திவிட்டு வெண்ணாற்றைப் பார்ப்பார். அந்தச் சட்டம் இல்லையென்றால் அவர் என்ன காரணம் சொல்வார் என்று யோசித்திருக்கிறேன். காற்று இருக்கிறதே.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைச் சாய்த்த கதையைச் சொன்னேன். "கொல்லிமலையில காத்து சாதகமா இருந்திருக்கும்" என்றார்.

ஆனால் ஒரு கதையை மட்டும் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி. சொந்தக்காரர்கள் எல்லாம் அழிந்த பிறகு, 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரோரம் தனியாக வந்து நின்றவர். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர், அவரிடமே வில் பழகினார். 1916-இல் இஷி காசநோயில் போய்விட்டார். போப் எழுதிய புத்தகம் 1923-இல் வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் வில் தூக்குகிறவனெல்லாம் அந்த வழி வந்தவன்தான். இதைச் சொல்லும்போது மாமா குப்பியைத் தொடமாட்டார். "கடசி ஆளு தம்பி. பேசறதுக்கு அவன் பாஷையில ஒரு ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்.

மார்கழியில் கோடியக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வில் வீட்டில். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மிக்சர் பொட்டலமும் குப்பியும். 1967-லேயே சரணாலயமான காடு அது. ராமர் பாதத்துக்குப் போனோம். ராமன் நின்று இலங்கையைப் பார்த்த மேடு என்பார்கள். "மாயமான் பின்னாடி காத்துப் பாக்காமப் போனாரு, அதான் இம்புட்டுத் தூரம் வரவேண்டியதாயிருச்சு" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற அம்மாள் முறைத்தார்.

புல்வெளிக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளிமான் கூட்டம். ஓர் ஆண் மட்டும் தனியே, கருத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக, நூறு கெஜத்தில். மாமா குப்பியை எடுத்தார். திருநீறு எங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக மானை நோக்கிப் போனது. மான் தலையைத் தூக்கியது. "பாத்தியா!" என்றார், அவர் வாடை மானை எட்டிவிட்டதில் அவ்வளவு பெருமை.

பிறகு இடது கையை நீட்டினார். வலது கையை மெல்லத் தாடை வரை இழுத்தார். கையில் ஒன்றும் இல்லை. பத்து மூச்சு நேரம் அப்படியே நின்றார். மானும் நின்றது. அப்புறம் வலது கையைப் பையப் பைய முன்னால் கொண்டுபோய் இறக்கினார், விடவில்லை. அம்பு இல்லாமல் நாணை விடக் கூடாதல்லவா.

"காத்து சரியில்ல" என்றார்.

திரும்பி வரும்போது வேதாரண்யத்தில் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் எழுதுவது அவர் பொல்லாதவர் இல்லை என்பதற்காக. வைக்கோல் போர் சமாச்சாரம் வேறு. அதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் வைக்கோல் போரை என்னைக் கேட்காமல் இலக்காக வைத்து, இருபது கெஜத்திலிருந்து ஆறு அம்பு விட்டிருக்கிறார். ஐந்து போரில் இறங்கியிருந்தது. நன்றாகவே எய்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆறாவதைக் காணோம். போரைப் பிரித்துப் பார்த்தாயிற்று. "காத்து தள்ளிட்டுப் போயிருக்கும்" என்கிறார். எஃகு முனை ஐயா அது, திருகிக் கழற்றுவது! மாடு வைக்கோலை மென்றா தின்கிறது, வாரி விழுங்குகிறது. இரும்பு உள்ளே போனால் வயிற்றிலேயே தங்கி நெஞ்சுப் பக்கம் குத்தும். போரில் இல்லையென்றால் பின்னால் நிற்கிற சம்பாவில் கிடக்க வேண்டும். தை பிறந்ததும் அறுவடை இயந்திரம் இறங்கும். கத்தி உடைந்தால் வாடகைக்காரன் என்னிடம்தான் கேட்பான், டெக்சாஸில் போய்க் கேட்கமாட்டான்.

கருப்புத் தண்டு, இரண்டு மஞ்சள் இறகு, ஒரு பச்சை இறகு. எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரைப் பக்கம் யார் கண்ணிலாவது பட்டால் எடுத்து வையுங்கள். என்னிடம் கொடுங்கள், அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.