ஐப்பசிக் கரைசல்

குன்னம் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி அடைமழை பிடித்தால் வீட்டுக் குப்பைக்குழி நிரம்பி, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் தண்ணீர் வழியும். தெருவுக்கு வந்துவிட்டால் எதிர்வீட்டாரோடு சண்டை. அதனால் அப்பாயி, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வாய்க்கால் கீறி, கொல்லையிலிருந்த கத்தரிக்கும் அவரைப் பந்தலுக்கும் அதைத் திருப்பிவிடும். மண்வளம் பெருக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. சண்டை வரக்கூடாது, அவ்வளவுதான். கார்த்திகையில் அவரை காய்த்துத் தள்ளும். எதிர்வீட்டுக்கும் ஒரு முறம் போகும்.

பிறகு நாங்கள் நாகரிகமானோம். வெள்ளை வெளேரென்று, நாற்றமில்லாமல் யூரியா வந்தது. டிராக்டர் வந்ததும் உழவு மாடுகள் சந்தைக்குப் போயின. குழியை மூடி, மேலே சிமெண்ட் களம் போட்டோம். சுண்ணாம்புச் சத்துள்ள எங்கள் கரிசலில் யூரியாவை மேலாக வீசினால் ஒரு பங்கு அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும் என்பதை யார் யோசித்தார்கள்? பயிர் கரும்பச்சையாக நின்றால் போதாதா! அரியலூர் மாவட்டம் 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-ல் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. இதற்கிடையில் மண்ணில் மக்கு குறைந்ததைக் கவனிக்க யாருக்கு நேரம்?

இப்போது குடியிருப்பு அரியலூர் டவுனில். தம்பி மகன் இன்ஜினியர், மாடித்தோட்டம் போட்டிருக்கிறான். மூலையில் இருநூறு லிட்டர் டிரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமாம், அதை ஒருநாள் திறந்து வைத்திருந்து, மக்கிய உரத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லம் கரைத்திருக்கிறான். மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று பம்பு உள்ளே குமிழி விடுகிறது.

“மோந்து பாருங்க பெரியப்பா. மழை பேஞ்ச மண் வாசம் வரணும். புளிச்ச நாத்தம் அடிச்சா நுண்ணுயிருக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம், கீழ ஊத்திடணும்.”

மோந்து பார்த்தேன். அப்பாயியின் வாய்க்கால்தான், கரண்ட் பில் மட்டும் புதிது.

கிண்டல் செய்தாலும் பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பச்சைச் சாணி கூடாது, நன்றாக மக்கியதுதான் வேண்டும். கீரையில் தெளித்துவிட்டு அன்றைக்கே பறித்துத் தின்னக் கூடாது. பம்பை நிறுத்திய சில மணி நேரத்துக்குள், வெயில் தாழ்ந்தபின் ஊற்றிவிட வேண்டும். ஐப்பசி ஈரத்தில் ஊற்றினால் நுண்ணுயிர் பிழைக்கும், சித்திரை வெயிலில் செத்துப்போகும். ஆனால் பாட்டிலில் அடைத்து விற்கிறவர்கள் சொல்கிற மாதிரி இது அமிர்தமும் இல்லை. இதிலுள்ள தழைச்சத்து சொற்பம். மக்காச்சோளத்துக்கு இதை மட்டும் நம்பினால் தட்டைகூடத் தேறாது. அடியில் தொழுவுரம் கிடக்க வேண்டும்.

அங்கேதான் இடிக்கிறது. நாலு ஜோடி மாடு கட்டியிருந்த வீட்டில் ஒரு கூடை எருவுக்கு வழியில்லை. பால்காரரிடம் கேட்கப் போனோம். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார்.

“ஆயுத பூஜைக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். ஐப்பசிக்கு எல்லாம் புக்காயிடுச்சு. உங்க பேரை தை மாசத்துல போட்டுக்கவா?”