சுஷி மீமாம்சை

உணவைப் பற்றி எழுதப் புகும் வித்வான்கள், முதலில் உணவைத் தள்ளி வைத்துவிட்டுப் பிற வித்வான்கள் அதைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தேடப் புறப்படுவதும், அந்தப் பிறரும் அவ்வாறே புறப்பட்டவர்கள் என்று கண்டு பரமானந்தம் அடைவதும் ஆராய்ச்சி உலகின் ஸம்பிரதாயம். ஆகையால், டோக்கியோவின் பேட்டைகளில், வாசலில் துணித்திரை தொங்க, உள்ளே எட்டுப் பேர் அமரத்தக்க நீண்ட மரப்பலகையும் அதன் பின்னே ஒரு சமையற்காரருமாக விளங்கும் சுஷிக் கடைகளுக்கு யாம் பசியோடு போய் உட்கார்ந்தோம் என்பது, எமது ஆராய்ச்சி முறைக்கு இழுக்காகவே கருதப்படும்.

அங்கே வருவோர், பலகையோரம் அமர்வோர், மேசையில் அமர்வோர் என இருவகையர். மேசையில் அமர்வோரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பலகையோரத்தார், மீன் பக்கத்தைச் சோயாவில் தோய்ப்போர், சோற்றுப் பக்கத்தைத் தோய்ப்போர் என மீண்டும் இருவகைப்படுவர். பின்னவருக்குச் சோறு உதிர்ந்து கிண்ணத்தில் விழுவதே தண்டனையாகையால் சாஸ்திரம் தனியே ஒன்றும் விதிக்கவில்லை. கையால் உண்பதா, குச்சியால் உண்பதா எனின், இரண்டும் ஆகும்.

கையால் பிடிக்கும் சுஷியை 1820-களில், அன்று எடோ எனப்பட்ட டோக்கியோவில், பிரசித்தப்படுத்தியவராக ஹனயா யோஹெய் சொல்லப்படுகிறார் என்பதும், பீர்த் தொழிற்சாலையில் புட்டிகள் ஊர்ந்து செல்வதைக் கண்ட ஷிராயிஷி யோஷியாகி 1958-ல் ஒசாகாவை அடுத்துத் தம் கடையில் சுஷித் தட்டுகளையும் ஊரவிட்டார் என்பதும் பலரும் அறிந்தவை. பலரும் அறிந்ததை எழுதுவது எமது துறையில் கௌரவக் குறைவு. ஆகவே யாரும் கேளாத பொருளுக்கு வருவோம்.

அப்பொருளாவது, மலிவான சுஷித் தட்டில் ஒரு மீனுக்கும் மறு மீனுக்கும் நடுவே, ரம்பப்பல் விளிம்போடு நிமிர்ந்து நிற்கும் பச்சைப் பிளாஸ்டிக் இலை. பூர்வத்தில் இது மெய்யான இலை. கிழக்கே டோக்கியோப் பக்கத்தார் சாசா என்னும் சிறு மூங்கிலின் இலையையும், மேற்கே ஒசாகாப் பக்கத்தார் ஹரான் என்னும் அகன்ற இலையையும் கைக்கொண்டனர். ஒன்றின் மணம் மற்றொன்றில் ஏறாமல் தடுப்பது அதன் தொழில். கொக்கு, ஆமை முதலிய உருவங்கள் தோன்ற அதைக் கத்திமுனையால் வெட்டுவது சமையற்காரரின் கைத்திறனுக்குச் சோதனை. பிளாஸ்டிக் வந்தபின் வாசனையும் போயிற்று, கத்தியும் ஓய்ந்தது. வேலி மட்டும் நின்றது.

நிற்பது எந்த இலை? மூங்கிலே என்பது கீழைக் கலையார் பட்சம். ஹரானே என்பது மேலைக் கலையார் பட்சம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று சொன்ன மூன்றாமவர் சபையிலிருந்து நீக்கப்பட்டார். கீழைக் கலைக்குப் பிரமாணம்: மூன்றாம் நாற்காலிக்காரர் வாய்மொழி, இரண்டாம் கோப்பைத் தேநீருக்குப் பின். அவரே நான்காம் கோப்பையில் அதை மறுத்திருப்பது (காகிதக் கைத்துடைப்பான், பின்புறம், சோயாக் கறைக்கு மேல் இரண்டாம் வரி) அறிஞரை வெகுவாகக் கலக்கியது. கறைக்குக் கீழிருந்த வரிகள் வாய் துடைத்ததில் அழிந்துபோனமையால், மெய்ப்பொருள் அவற்றில்தான் அடங்கியிருந்தது என்பதில், அவற்றைக் காணாதவர் அனைவரும் ஒருமுகமாக இருக்கின்றனர். ஐந்தாம் நாற்காலிக்காரர் செய்த விசேட உரையும் உண்டு. உரைத்தபோது வாயில் கணவாய் இருந்தமையால் அதில் பாடபேதங்கள் மலிந்துள்ளன. அப்பேதங்களை ஒப்புநோக்கி ஒருவர் பட்டம் பெறுவது நிச்சயம்.

இலையருகே குவிந்திருக்கும் பச்சை விழுதையும் இங்கே நோக்கவேண்டும். மெய்யான வசாபி விலையுயர்ந்ததாகையால், மலிவான கடைகளில் குதிரைமுள்ளங்கியில் பச்சைச் சாயம் ஏற்றியதே பெரும்பாலும் அப்பெயரால் உலாவுகிறது. இவ்விரு பொய்ப் பச்சைகளுள் இலையே உத்தமம். அது தன்னை உண்ணும்படி யாரையும் அழைப்பதில்லை. விழுதோ, பண்டிதர் சிலரைப்போல, இரவல் நிறத்தோடு வந்து மூக்கில் ஏறுகிறது.

ஊறவைத்த இஞ்சி, மீனுக்கும் மீனுக்கும் நடுவே நாவைத் துலக்குவதற்கேயன்றிச் சுஷியின்மேல் போர்த்துவதற்கன்று என்னும் அதிகாரம் இரண்டாம் பாகத்தில் விரியும். இத்தகைய கடைகளில் தட்டுகளைப் பைன், மூங்கில், பிளம் எனத் தரம் பிரித்து, பைனை மேலானதாக வைப்பது வழக்கம். இஞ்சி மூன்றிலும் ஒன்றேயாயினும், அதற்கு முன்னும் பின்னும் உண்ணப்படும் மீனின் தரம் முடிவைப் பாதிக்குமாதலால், பைன் தரத்துக்குரிய மானியம் வழங்கச் சித்தமாயுள்ள ஸர்வகலாசாலையார் எமது விண்ணப்பத்துக்குக் காத்திராமல் அனுப்பி வைக்கலாம்.