மறுபடியும் பிரிச்சுட்டியாக்கும்!

ஏலே பேராண்டி, வெப்சைட்டை மறுபடியும் பிரிச்சுப் போட்டுட்டியாமே? உங்கம்மா சொன்னா. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கியாம். நல்லது, பிள்ளை உழைக்கான்.

மொதல்ல வேர்ட்பிரஸ். உலகத்துல பத்து சைட்டுல நாலு அதுலதான் ஓடுது, ஆனா உனக்கு மட்டும் கனமாத் தெரிஞ்சுது. ஜெக்கிலுக்குப் போன. ரூபி வெர்ஷன் மாறி, பில்டு ஆகலைன்னு ஹியூகோவுக்குத் தாவுன. கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள ஆயிரம் பக்கத்தைக் கட்டிருமாம்லா அது! நீ திண்ணையில உக்காந்து போன்ல கத்துனதுல நானும் பாதி எஞ்சினியர். சரி, உன்கிட்ட எத்தனை பக்கம்லே இருக்கு? மூணு. ஒண்ணு 'என்னைப் பற்றி'. ஒண்ணு 'ஜெக்கிலிலிருந்து ஹியூகோவுக்கு மாறிய கதை'. மூணாவது 'விரைவில்'. இப்ப ஆஸ்ட்ரோவாம். போ, அந்த 'விரைவில்' இன்னும் விரைவா வரட்டும், ஊரே காத்துக் கிடக்கு.

டிம் பெர்னர்ஸ் லீ 1991-ல செர்ன்ல போட்டாரே மொத சைட்டு, அதுல படமா, கலரா? வெறும் எழுத்தும் லிங்க்கும். 2013-ல அதைப் பழைய முகவரியிலயே திரும்ப ஏத்தி வச்சாங்க. உன் போன்லயும் திறக்கும். டார்க் மோடு இல்லையேன்னு கோவிச்சுக்கிட்டு மூடிராத. சைட்டு போட இடம் குடுத்த ஜியோசிட்டீஸை நம்பினவன் கதை வேற. அமெரிக்காவுல 2009-ல யாஹூ அதை இழுத்து மூடுச்சு. கையில பிரதி வச்சிருந்தவன் பிழைச்சான். மத்தவன் எழுத்துல, யாரோ புண்ணியவான்கள் அள்ளிச் சேத்தது போக மிச்சம் போச்சு.

அதனால எழுதுறதை மார்க்டவுன் ஃபைலா உன்கிட்ட வச்சுக்கோ. எந்தக் கருவி செத்தாலும் ஃபைலைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டலாம். டொமைன் உன் பேர்ல இருக்கட்டும், பணம் கட்டுற தேதியை மறந்துராத. மிச்சத்துக்கு ஹியூகோன்னா என்ன, ஆஸ்ட்ரோன்னா என்ன, பூவா தலையா போட்டுப் பாத்துக்கோ.

வேர்ட்பிரஸ் காலத்துல உங்க ஆச்சி வைக்கிற சொதி பத்தி ஒண்ணு எழுதியிருந்த பாரு, உருப்படியா அது ஒண்ணுதான். உன் சித்தி அந்த லிங்க்கை இன்னும் வச்சிருக்கா. அமுக்கினா 404-ங்குது. சாப்பாட்டு நேரத்துல வந்தவளை வாசலோட அனுப்புறது நம்ம வீட்டு வழக்கமால்லே? அதைத் தேடி எடுத்துப் போட்டு, பழைய முகவரியில இருந்து புதுசுக்கு 301 ஒண்ணு குடுத்துரு.

ஃபாண்ட்டு தேர்ந்தெடுக்கதை நான் பாத்துக்கிடுதேன். எனக்குத்தான் கண்ணு தெரியாதே, சட்டுனு முடிஞ்சிரும்.